நிகழ்நேர உத்தி விளையாட்டுகளில் கேமராவை நகர்த்தும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நிகழ்நேர உத்தி விளையாட்டுகளுக்கு (முறை மாறி ஆடாமல், ஒரே நேரத்தில் தளம் கட்டிப் படை நடத்தும் விளையாட்டுகள்) புதிதாக வருபவர்கள் கேமரா, அதாவது வரைபடத்தில் திரை காட்டும் பகுதி, கைக்கு அடங்கவில்லை என்றதும் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: செட்டிங்ஸைத் திறந்து ஸ்க்ரோல் வேகத்தை (பார்வை நகரும் வேகத்தை) கூட்டுவார்கள், பிறகு குறைப்பார்கள், மறுபடி கூட்டுவார்கள். வேகம் என்பது இந்த வேலையில் ஏறக்குறைய கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம். எந்தத் தூரத்துக்கு எந்த முறை, அந்த முறைக்கு எந்தக் கை என்று முடிவாகாத நிலையில் வேகத்தை எத்தனை முறை மாற்றினாலும் பலன் இராது. ஆகவே கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் ஸ்டார்கிராஃப்ட் 2, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் ஆகிய இரண்டிலிருந்து தருகிறேன். ஸ்டார்கிராஃப்ட் 2-இன் பலர் மோதும் ஆட்டம் 2017 நவம்பர் முதல் இலவசமாகக் கிடைப்பதால், பணம் செலவழிக்காமலேயே இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம்.

1. தொடங்குவதற்கு முன் கணினியில் சரிசெய்ய வேண்டியவை

விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே தீர்த்துவிட வேண்டிய சில சிக்கல்கள் உள்ளன. இவற்றை விட்டுவிட்டால், பின்னால் வரும் தடுமாற்றம் உங்கள் கையால் வருகிறதா கணினியால் வருகிறதா என்று பிரித்தறிய முடியாது.

முதலில், உருளையை அழுத்தக்கூடிய மவுஸ் ஒன்று வேண்டும். மடிக்கணினியின் டச்பேடில் பயிற்சி செய்வது வீண். திரை ஓரத்துக்குக் கர்சரைக் கொண்டுபோவதற்குள் விரல் டச்பேடின் விளிம்பைத் தொட்டுவிடும். நடு பட்டனை அழுத்தி இழுப்பதோ நடைமுறையில் முடியாத காரியம்.

இரண்டாவது, விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது, கையை எவ்வளவு தூரம் நகர்த்துகிறீர்கள் என்பதோடு எவ்வளவு விரைவாக நகர்த்துகிறீர்கள் என்பதையும் பொறுத்துக் கர்சர் செல்லும் தொலைவு மாறும். பதற்றமான சண்டையில் கை வேகமெடுக்கும்போதெல்லாம் கர்சர் குறியைத் தாண்டி ஓடுவதற்கு இது ஒரு பொதுவான காரணம்.

மூன்றாவது, ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அடுத்தடுத்துத் தட்டினால் தோன்றும் 'ஸ்டிக்கி கீஸ்' அறிவிப்பை அணைத்துவையுங்கள். யூனிட்களை (படைவீரர், தொழிலாளி போன்றவற்றை) குழுவில் சேர்க்கும் வேலைக்கு ஷிஃப்டைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்; போர் உச்சத்தில் இருக்கும்போது அந்தப் பெட்டி வந்து நின்றால் ஆட்டமே போய்விடும்.

நான்காவது நம்மைப் போலத் தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கே உரியது. கணினியில் தமிழ் விசைப்பலகையும் ஆங்கில விசைப்பலகையும் சேர்ந்து இருந்தால், இடது ஆல்ட்டையும் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தும்போது விண்டோஸ் மொழியை மாற்றிவிடும். விளையாட்டின் நடுவே தெரியாமல் இது நடந்தால், எழுத்து விசைகளுக்குத் தந்த கட்டளைகள் செயல்படாமல் போகக்கூடும். விசை பழுதாகிவிட்டது என்று நினைத்து விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்களை நான் கண்டிருக்கிறேன். மொழி மாற்றும் குறுக்குவிசையை நீக்கிவிடுங்கள், அல்லது விளையாடும் நேரத்துக்குத் தமிழ் விசைப்பலகையை எடுத்துவிடுங்கள்.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், கர்சரை விளையாட்டுத் திரைக்குள் பூட்டிவைக்கும் தேர்வை இயக்கியாக வேண்டும். இல்லையெனில் வலது ஓரத்துக்குப் போன கர்சர் அடுத்த திரைக்குள் நுழைந்துவிடும், கேமரா நகராது, அங்கே ஒரு கிளிக் விழுந்தால் விளையாட்டே பின்னணிக்குப் போய்விடும்.

மடிக்கணினியில் எஃப்5 போன்ற விசைகளைத் தட்டினால் ஒலியோ வெளிச்சமோ மாறுகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் எஃப்என் பூட்டை மாற்ற வேண்டும். பல மடிக்கணினிகளில் எஃப்என் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் போதும்.

2. இரண்டு கைகளும் இப்போது என்ன செய்கின்றன என்று பாருங்கள்

கேமராவுக்கென்று தனியாக ஒரு கை கிடையாது. வலது கை யூனிட்களைத் தேர்ந்தெடுக்கவும் இலக்கைச் சுட்டவும், இடது கை கட்டளை விசைகளை அழுத்தவும் வேண்டியிருக்க, கேமரா இவ்விரண்டில் ஒன்றிடமிருந்து நேரத்தைக் கடன் வாங்கியே நகர்கிறது. எந்தக் கையிடம் ஓய்வு மிச்சமிருக்கிறது என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுப்பது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதைப் போன்றது.

ஆகவே எளிய கணினி எதிரியோடு ஓர் ஆட்டம் ஆடி முடித்து, அதன் ரீப்ளேயை (ஆட்டத்தின் பதிவை) திறந்து, உங்கள் கேமரா எப்படி நகர்ந்ததோ அப்படியே காட்டும் பார்வையில் ஐந்து நிமிடம் பாருங்கள். ஒரு தாளில் இரண்டே கணக்கு எழுதுங்கள்: பேஸிலிருந்து (உங்கள் தளத்திலிருந்து) படைக்கும் படையிலிருந்து பேஸுக்கும் எத்தனை முறை போனீர்கள், அவற்றில் எத்தனை முறை இடையிலுள்ள வெற்று நிலம் முழுவதையும் கடந்து போனீர்கள்.

புதியவர்களின் தாளில் இரண்டாவது எண் முதல் எண்ணுக்கு மிக அருகில் இருக்கும். அந்த வெற்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நொடிகளில் நீங்கள் எந்தக் கட்டளையும் தரவில்லை. ஸ்க்ரோல் வேகத்தைக் கூட்டினால் அந்த நொடிகள் குறையுமே தவிர, ஒழியா.

3. தாவுவதையும் நகர்வதையும் தனித்தனி வேலைகளாகப் பிரியுங்கள்

ஒரே முறையால் எல்லாத் தூரத்தையும் சமாளிக்க முயல்வதே புதியவர்கள் செய்யும் பெரும்பிழை. கேமரா வேலை இரு வகைப்படும். ஒன்று, வரைபடத்தின் ஓர் இடத்திலிருந்து தொலைவிலுள்ள மற்றோர் இடத்துக்கு இடையிலுள்ள நிலத்தைக் கடக்காமல் நேரே போவது; இதைத் தாவல் என்று வைத்துக்கொள்வோம். மற்றொன்று, இருக்கும் இடத்திலிருந்து அரைத் திரையோ ஒரு திரையோ தள்ளிப் பார்ப்பது, இது நகர்வு.

மினிமேப்பில் (முழு வரைபடத்தையும் காட்டும் சிறு படத்தில்) கிளிக் செய்வது, கண்ட்ரோல் குரூப்பின் (எண் தந்து வைத்த யூனிட் குழுவின்) எண்ணை இருமுறை தட்டுவது, சேமித்த கேமரா இடத்தை அழைப்பது, எச்சரிக்கை வந்த இடத்துக்குப் போகும் விசை ஆகியவை தாவலுக்கானவை. திரை ஓரம் (கர்சரை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்வையை நகர்த்துவது), அம்பு விசைகள், டபிள்யூ-ஏ-எஸ்-டி விசைகள், நடு பட்டனால் இழுப்பது ஆகியவை நகர்வுக்கானவை. தாவலை முதலில் தேர்ந்தெடுங்கள். தாவல் சரியாக அமைந்துவிட்டால் நகர்வின் தேவையே பெருமளவு குறைந்துவிடும். அதன் பிறகு நகர்வுக்கு எந்த முறையைத் தேர்ந்தாலும் அவ்வளவாக இடறாது.

4. தாவல் முறைகளை இந்த வரிசையில் சேருங்கள்

மினிமேப்பில் தொடங்குங்கள். அதற்கு எந்த விசையையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணுக்குப் பழக்கிவிடுவது கூடுதல் நன்மை. மினிமேப் திரையின் மூலையில் இருப்பதால் ஒவ்வொரு முறையும் கர்சர் அங்கே போய்த் திரும்ப வேண்டும் என்பது அதன் குறை. ஏதாவது ஒரு திறனுக்கு இலக்கு கேட்டுக் கர்சர் காத்திருக்கும்போது மினிமேப்பில் கிளிக் செய்தால், கேமரா போவதற்குப் பதிலாகப் படையே அங்கே போய்விடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவதாகக் கண்ட்ரோல் குரூப்பைச் சேருங்கள். கண்ட்ரோல் விசையோடு ஓர் எண்ணை அழுத்திக் குழு அமைத்தால், அந்த எண்ணை ஒருமுறை தட்டும்போது குழு தேர்வாகும்; இருமுறை தட்டினால் கேமராவும் அங்கே போகும். இந்த ஒன்று, இரண்டு வேறுபாட்டைக் கைக்குக் கண்டிப்பாகப் பழக்க வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஒரு கிராமவாசி உருவாக 25 நொடிகள் ஆகும். அதாவது ஆட்டத்தின் முதற்பகுதி முழுவதும் கிராமவாசிகளை உருவாக்கும் டவுன் சென்டர் என்ற கட்டடத்துக்கு நீங்கள் இடைவிடாமல் கட்டளை தந்துகொண்டே இருக்க வேண்டும். ஹெச் விசையைத் தட்டினால் டவுன் சென்டர் தேர்வாவதோடு பார்வையும் அங்கே போய்விடும். அதே டவுன் சென்டரை ஓர் எண்ணில் குழுவாக வைத்திருந்தால், காட்டில் பன்றியை விரட்டும் கிராமவாசியின் மீதிருந்து கண்ணை எடுக்காமலேயே அடுத்த கிராமவாசியை வரிசையில் போட்டுவிடலாம். கேமராவை நகர்த்தாமலே முடிகிற வேலைக்குக் கேமராவை நகர்த்தாதிருப்பதும் கேமராக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதிதான். வழக்கத்தால் எல்லா எண்களையும் இருமுறை தட்டுபவர்கள் இதை இழக்கிறார்கள்.

மூன்றாவதாகச் சேமித்த கேமரா இடங்கள். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் கண்ட்ரோலோடு எஃப்5 முதல் எஃப்8 வரையிலான விசைகளை அழுத்தினால் அப்போதைய பார்வை சேமிக்கப்படும்; பின்னர் அந்த விசையை மட்டும் தட்டினால் அதே பார்வை திரும்பி வரும். கண்ட்ரோல் குரூப் இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்பார்கள். ஸ்டார்கிராஃப்ட் 2-இன் இனங்களுள் ஒன்றான ஸெர்க்கில், குயின் என்ற யூனிட்டைக் கொண்டு ஹேட்சரி என்ற தளக் கட்டடத்துக்கு லார்வா (மற்ற யூனிட்கள் உருவாகும் புழு) ஊட்டும் வேலையைப் பார்த்தால் விடை புரியும்.

ஒரு முறை ஊட்டினால் அடுத்த 29 நொடிகளில் லார்வாக்கள் வெளிவரும். பிறகு மறுபடி ஊட்ட வேண்டும். மூன்று பேஸ்கள் இருந்தால் மூன்று ஹேட்சரிகளில் இதே வேலை. ஒவ்வொரு ஹேட்சரியும் திரையின் நட்டநடுவில் வருமாறு மூன்று பார்வைகளைச் சேமித்துவிட்டால், எந்தப் பார்வையை அழைத்தாலும் ஹேட்சரி திரையின் அதே புள்ளியில்தான் தோன்றும். ஆகவே கர்சரைத் திரை நடுவில் நிறுத்திவைத்து, முதல் பார்வையை அழைத்து ஊட்டும் விசையைத் தட்டிக் கிளிக் செய்து, இரண்டாவதை அழைத்து அதையே செய்து, மூன்றாவதிலும் முடித்துவிடலாம். வலது கை மேசையில் ஓர் அங்குலம்கூட நகர வேண்டியதில்லை. கண்ட்ரோல் குரூப்பை இருமுறை தட்டினால் குழு எங்கே நிற்கிறதோ அங்கே பார்வை போகும். குயின் இரண்டடி நகர்ந்திருந்தால் பார்வையும் நகர்ந்திருக்கும். சேமித்த இடமோ நிலத்தோடு கட்டப்பட்டது.

இங்கே மூன்று பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. சேமித்த இடங்கள் அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டுமே என்பதை அறியாமல், அடுத்த ஆட்டத்தில் விசை வேலை செய்யவில்லை என்று குழம்புவது முதலாவது. ஆட்டம் தொடங்கியதும் முதல் தொழிலாளிக்குக் கட்டளை தந்த பிறகு செய்ய வேலை அதிகமிராது. அந்தச் சில நொடிகளிலேயே முதல் பேஸையும், இன்னும் கட்டப்படாத இரண்டாவது பேஸின் இடத்தையும் சேமித்துவிடுங்கள். இரண்டாவது பிழை, எஃப்5 முதல் எஃப்8 வரையான விசைகளை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது. ஒன்று முதல் ஐந்து வரையிலான எண்களின் மேல் இருக்கும் இடது கை அவற்றை எட்ட, இருந்த இடத்தைவிட்டுப் பெயர வேண்டும். திரும்பி வரும்போது விரல் தவறான எண்ணில் இறங்கும். ஹாட்கீ (குறுக்குவிசை) பட்டியலில் இவற்றை இடது கைக்கு அருகில் கொண்டுவாருங்கள். மூன்றாவது பிழை அப்படிக் கொண்டுவரும்போது நேர்வது: சேமிக்கும் கட்டளையை ஆல்ட் விசையோடு இணைத்து எஃப்4-இல் வைத்துவிடுவார்கள். ஆல்ட்டும் எஃப்4-உம் சேர்ந்தால் விண்டோஸ் விளையாட்டையே மூடிவிடும்.

எச்சரிக்கை வந்த இடத்துக்குத் தாவும் விசையைக் கடைசியாகச் சேருங்கள். ஸ்டார்கிராஃப்ட் 2-இல் அது ஸ்பேஸ். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் ஸ்பேஸ் தேர்ந்தெடுத்த யூனிட்டிடம் போகும். ஆகவே ஒரு விளையாட்டின் பழக்கம் மற்றொன்றில் ஏமாற்றும். கண்ணால் மினிமேப்பைப் பார்க்கும் பழக்கம் வருவதற்கு முன் இந்த விசையைப் பிடித்துக்கொண்டால், ஒவ்வொரு சத்தத்துக்கும் கேமரா ஓடத் தொடங்கிவிடும்.

5. நகர்வுக்கு ஒரே ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள்

திரை ஓரம்: இதற்கு இடது கை தேவையில்லை, கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை. ஆனால் கேமரா நின்றதும் கர்சர் ஓரத்தில் இருக்கும். நீங்கள் கிளிக் செய்ய வேண்டியதோ பெரும்பாலும் திரையின் உட்பகுதியில் இருக்கும். ஒவ்வொரு நகர்வுக்கும் போக்கு, வரவு என இரு பயணங்கள். திரை பெரிதாக ஆக இந்தப் பயணம் நீளும். ஓரத்தை ஒட்டி நிற்கும் யூனிட்டைக் கிளிக் செய்யப் போகையில் திரையே நழுவிவிடுவதும் உண்டு.

அம்பு விசைகள்: ஏதாவது ஒரு கை தன் இடத்தைவிட்டு எழ வேண்டியிருப்பதால், தனியாள் ஆட்டத்தில் வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் போதும்.

டபிள்யூ-ஏ-எஸ்-டி: சுடும் விளையாட்டுகளிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அவர்களின் விரல்கள் ஏற்கெனவே பழகியவை என்பதால் ஆசை இயல்பானதே. ஸ்டார்கிராஃப்ட் 2-இன் வழக்கமான அமைப்பில் ஏ தாக்கும் விசை, எஸ் நிறுத்தும் விசை. கேமராவைக் கீழே இறக்குவதாக நினைத்து எஸ்-ஐத் தட்டினால், பின்வாங்கிக்கொண்டிருந்த படை எதிரியின் முன்னாலேயே நின்றுவிடும். அந்த நான்கு விசைகளையும் கேமராவுக்குக் கொடுப்பதானால், அவற்றிலிருந்த கட்டளைகளையெல்லாம் வேறு எழுத்துகளுக்கு மாற்ற வேண்டும். இடது கை எட்டும் தூரத்தில் அவ்வளவு காலி விசைகள் இல்லை. 0 ஏ.டி. போல இவ்விசைகளைக் கேமராவுக்கென்றே ஒதுக்கிய விளையாட்டில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஸ்டார்கிராஃப்டில் வேண்டாம் என்பது என் கருத்து.

நடு பட்டனால் இழுப்பது: உருளையை அழுத்திப் பிடித்து மவுஸை நகர்த்தினால் நிலமும் நகரும். கர்சர் ஓரத்துக்குப் போகத் தேவையில்லை. கை மெதுவாக நகர்ந்தால் பார்வையும் மெதுவாக நகரும், விரைந்தால் விரையும். திரை ஓரத்தில் இல்லாத நுட்பம் இது. உருளை கடினமாக இருக்கும் மலிவான மவுஸ்களில் அரைமணி நேரத்தில் விரல் வலிக்கும். அப்போது மவுஸின் பக்கவாட்டு பட்டனை நடு பட்டனாக மாற்றிக்கொள்ளலாம்.

இழுக்கும் திசையை மாற்றும் தேர்வும் இருக்கும். கைபேசியில் வரைபடம் பார்த்துப் பழகியவர்களுக்கு விரலோடு நிலம் வருவதுதான் இயல்பு; கேமராவையே கையில் பிடித்திருப்பதாக உணர்பவர்களுக்கு எதிர்த்திசை இயல்பு. இரண்டையும் ஐந்து நிமிடம் சோதித்துப் பாருங்கள். யோசிக்காமல் கை போகும் திசையே உங்களுக்கு உரியது. ஒருமுறை தேர்ந்தபின் மாற்ற வேண்டாம்.

முதல் சில வாரங்களுக்குத் திரை ஓரத்தை வைத்துக்கொண்டு, தாவல்கள் கைக்குப் பழகிய பிறகு நடு பட்டனுக்கு மாறுமாறு பரிந்துரைக்கிறேன். முதல் நாளிலேயே மாறினால், புதிய விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிப்போய், மூன்றாம் நாள் பழைய பழக்கத்துக்கே திரும்பிவிடுவார்கள்.

6. இப்போது வேகத்தை அமையுங்கள்

விண்டோஸில் மவுஸின் வேகம், பிறகு விளையாட்டுக்குள் மவுஸின் உணர்திறன், கடைசியாக ஸ்க்ரோல் வேகம் என்ற வரிசையில் செல்லுங்கள். அடித்தளமான முதலிரண்டைப் பிறகு மாற்றினால், ஸ்க்ரோலுக்காகப் பட்ட பாடு வீணாகும். ஓரத்தில் ஸ்க்ரோல் ஆகும் வேகம், விசைகளால் ஸ்க்ரோல் ஆகும் வேகம், இழுக்கும் வேகம் ஆகியவை ஸ்டார்கிராஃப்ட் 2-இல் தனித்தனி அமைப்புகள்; ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றில் வித்தியாசம் தெரியவில்லை என்று தேடாதீர்கள்.

சோதிக்கும் முறை எளிது. திரைக்குச் சற்று வெளியே ஒரு தொழிலாளி இருக்குமாறு பார்வையை வைத்து, அவர் திரையின் நடுப்பகுதிக்கு வரும்வரை நகர்த்தி நிறுத்துங்கள். இப்படிப் பத்து முறை செய்யுங்கள். பாதிக்கு மேல் அவரைத் தாண்டிப் போனால் வேகத்தைச் சற்றுக் குறையுங்கள். போய்ச் சேரும்வரை பொறுமையிழந்து காத்திருந்தால் சற்றுக் கூட்டுங்கள். அதிவேகம் அனுபவசாலியின் அடையாளம் என்ற எண்ணத்தில் அளவுகோலை உச்சத்துக்குத் தள்ளுபவர்கள், நகரும்போது திரையில் கடப்பது என்னவென்று கண்ணுக்குத் தெரியாமல் போவதை உணர்வதில்லை.

7. ஜூமும் சுழற்சியும்

ஸ்டார்கிராஃப்ட் 2-இல் எவ்வளவு தொலைவு விலகிப் பார்க்கலாம் என்பதற்கு விளையாட்டே எல்லை வைத்திருக்கிறது; அந்த எல்லையிலேயே எப்போதும் இருங்கள். அருகே போவதால் அழகு கூடும், தகவல் குறையும். நடு பட்டனை அழுத்தும்போது உருளை தவறுதலாகச் சுழன்று பார்வை நெருங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். திரையில் எல்லாம் திடீரெனப் பெரிதாகத் தெரிந்தால் முதலில் உருளையைப் பின்னோக்கிச் சுழற்றிப் பாருங்கள்.

2007-இல் வந்த சுப்ரீம் கமாண்டர் போன்ற விளையாட்டில் கதையே வேறு. அங்கே முழு வரைபடமும் தெரியும்வரை விலகிச் சென்று, வேறோர் இடத்தில் கர்சரை வைத்து உருளையைச் சுழற்றினால், கர்சர் இருக்கும் இடத்தை நோக்கியே பார்வை இறங்கும். ஜூமே தாவல் முறையாகிவிடுவதால், நான்காம் படியில் மினிமேப்புக்குச் சொன்ன இடத்தை அங்கே உருளைக்குக் கொடுத்துவிடுங்கள். சுழற்சியை எந்த விளையாட்டிலும் வழக்கமாக்க வேண்டாம். வடக்கு எந்தப் பக்கம் என்று கண் தேடத் தொடங்கினால் மினிமேப்பும் திரையும் ஒத்துப்போகாது.

8. பழக்குவதற்கான வரிசை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு தாவல் முறையைச் சேருங்கள். புதிய முறை மறந்துபோய்ப் பழைய முறைக்குக் கை போவதைத் தடுக்க நல்ல வழி, பழைய முறையைச் சிரமமாக்குவது: திரை ஓர ஸ்க்ரோல் வேகத்தை மிகக் குறைவாக வைத்துவிட்டு எளிய கணினி எதிரியோடு ஆடுங்கள். ஓரத்தை நம்பிப் போனால் ஊர்ந்து போக வேண்டியிருப்பதால், கை தானாகவே கண்ட்ரோல் குரூப்பையும் மினிமேப்பையும் தேடும். தோற்றாலும் பரவாயில்லை என்ற ஆட்டங்களில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு ரீப்ளேயைத் திறந்து, இரண்டாம் படியில் எழுதிய அதே இரு கணக்குகளை எழுதுங்கள். பேஸுக்கும் படைக்கும் இடையே போய்வந்த எண்ணிக்கை கூடியிருக்க வேண்டும். வெற்று நிலத்தைக் கடந்த எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் நீங்கள் கேமராவை நகர்த்தவே தயங்குகிறீர்கள் என்று பொருள். புதிய விசை எதுவும் சேர்க்காமல் மினிமேப் பயிற்சிக்கே திரும்புங்கள்.

அமைப்புகள் கைக்கு ஒத்துவந்ததும் ஹாட்கீகளை உங்கள் பெயரில் ஒரு தனி புரொஃபைலாகச் சேமித்து, ஸ்க்ரோல் வேக எண்களையும் மவுஸ் உணர்திறனையும் ஒரு தாளில் குறித்துவையுங்கள். விண்டோஸை மறுபடி நிறுவினாலோ நண்பரின் கணினியில் ஆட நேர்ந்தாலோ, மேலே சொன்ன அனைத்தையும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.